மூன்று கடல் தொட்டிக்கு ஒரே சம்ப் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட். ஹாலில் 12 அடிச் சுவர் காலியாக இருக்கிறது. அதில் 4 அடிக்குப் பவளமும் மீனும் வாழும் ஒரு ரீஃப் தொட்டி, பவளத் துண்டுகள் வளர்க்க 3 அடியில் ஒரு ஃப்ராக் தொட்டி, மகள் ஆசைப்படுகிறாள் என்று கடல்குதிரைக்கு ஒரு 2 அடித் தொட்டி. மூன்றுக்கும் அடியில் ஒரே சம்ப், அதாவது மேல்தொட்டித் தண்ணீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்ப ஏறும் கீழ்த்தொட்டி. எந்த ரிட்டர்ன் பம்ப் (சம்ப் தண்ணீரை மேலே ஏற்றுவது), எந்த லைட் வாங்கலாம்? பம்பும் லைட்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. உங்கள் கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூன்று தொட்டித் தண்ணீரை ஒன்றாகக் கலக்கலாமா? கலந்தால், வீட்டில் ஆள் இல்லாத நேரம் கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பம்பின் அளவு தானாக வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பிழைப்பு ஏ.சி., குளிர்பதன வேலை. கடல் தொட்டி 16 வருஷப் பைத்தியம். வீட்டில் ஒரு 4 அடி, ஒரு ஃப்ராக் தொட்டி, இரண்டுக்கும் ஒரே சம்ப். தெரிந்தவர்கள் வீட்டில் ஐந்தாறு தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் தொட்டி ஐந்தே மாதத்தில் செத்தது. கீழே எழுதுவதில் பாதி அந்த மாதிரிச் சாவுகளில் கற்றதுதான்.

முதலில் கடல்குதிரையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001-இல் கடல்குதிரைக் குடும்பம் முழுவதையும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அதே ஆண்டு அதே இடத்தில் கல் பவளங்கள் அத்தனையும், கரும்பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி எல்லாம் சேர்ந்தன. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி அடுக்கினார்கள், அருகிவரும் உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் உள்ள உயிர்களுக்குத் தனி அட்டவணையும் வந்தது. ஆகவே கடைக்காரர் “இது இம்போர்ட் பீஸ் சார், பிரச்சனை இல்லை” என்றால் அந்த வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். இறக்குமதிக் காகிதத்தைக் கேளுங்கள், வனத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள். நான் வக்கீல் இல்லை. என் தொட்டியில் காளான் பவளம், சோவாந்தஸ், லெதர் போன்ற மென்பவளங்களோடு நிறுத்திக்கொண்டேன். ராமேஸ்வரம் பக்கம் போகும்போது கரையில் கிடக்கிறதே என்று பாறைத் துண்டை டிக்கியில் போட்டு வருவதும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி அள்ளியது அதற்கு ஒரு காரணம். உலர்ந்த செயற்கைப் பாறையை வாங்கி, நல்ல தொட்டி ஒன்றிலிருந்து கைப்பிடிப் பாறையைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்தால் பாக்டீரியா பரவிவிடும். மகளுக்கு ஒரு ஜோடி கோமாளி மீன். பண்ணையில் பொரித்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பொரித்து வளர்த்துக் காட்டி வருஷங்கள் ஆயிற்று. சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் கடல்குதிரை ரீஃப் தண்ணீர் வேகத்தில் சாப்பிடத் தெரியாத உயிர், மற்ற மீன்கள் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு தின்றுவிடும்.

இப்போது அந்த 2 அடித் தொட்டி மீதம். அதைக் குவாரண்டைன் தொட்டியாக (புது மீனையும் நோய் மீனையும் தனியே வைத்துக் கவனிக்க) வையுங்கள், முடிந்தால் வேறு அறையில். சம்ப்போடு ஒருநாளும் இணைக்காதீர்கள். ஒரே சம்ப் என்பது கூட்டுக்குடும்பம். ஒரே சமையல் என்பதால் செலவு மிச்சம், தண்ணீர் அளவு பெரியது என்பதால் எந்த மாற்றமும் மெதுவாக நடக்கும், ஒரு ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக எடுப்பது), ஒரு சில்லர் (தண்ணீரைக் குளிர்விப்பது), ஒரே டோசிங் (பவளத்துக்குக் கால்சியம் போன்றவற்றைச் சேர்ப்பது). ஆனால் ஒருத்தருக்கு அம்மை போட்டால் வீடு முழுக்கப் படுக்கும். வெண்புள்ளி நோய் (கடல் இக்) ஒரு தொட்டிக்குள் வந்தால் இணைந்த எல்லாத் தொட்டியிலும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் வெல்வெட் நோய்க்கும் நம்பகமான மருந்து தாமிரம். தாமிரம் போட்டால் பவளம், இறால், நத்தை எதுவும் மிஞ்சாது. அதனால் மருந்து போடும் தொட்டிக்குத் தனி வலை, தனி குழாய், தனி வாளி. ஒருவேளை இக் உள்ளே வந்தேவிட்டால் மீன்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தியம் பார்த்து, ரீஃபை மீன் இல்லாமல் 76 நாள் விடுவது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கம். இரண்டரை மாதம் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்குத்தான் குவாரண்டைன் தொட்டியின் அருமை தெரியும்.

ஆக, 4 அடியும் 3 அடியும் ஒரே சம்ப்பில், 2 அடி தனிக்குடித்தனம். இனி கரண்ட் போன கதை. என் இரண்டாவது வருஷம். ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 12 செ.மீ. கீழே இருந்தது. பம்ப் நின்றால் தண்ணீர் அதே வழியில் பின்னால் உறிஞ்சிக்கொண்டு சம்ப்புக்கு ஓடும். அதைத் தடுக்க மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை போடுவார்கள், காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். நானும் போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் அந்தத் துளையைக் கொரலைன் பாசி கல்லாக மூடிவிட்டது எனக்குத் தெரியாது. ஒரு விடிகாலை கரண்ட் போயிற்று. அப்போதைய தொட்டி 120க்கு 45 செ.மீ., பரப்பு 5400 சதுர செ.மீ. 12 செ.மீ. இறங்கினால் 65 லிட்டர். சம்ப்பில் இடம் 30 லிட்டருக்குத்தான். மீதி தரையில். ஐந்தரை மணிக்குக் கீழ்வீட்டு அக்கா போன் செய்தார்: “தம்பி, எங்க ஹால் ஃபேன்லேருந்து தண்ணி சொட்டுது. நாக்குல பட்டுது, உப்பா இருக்கு.” நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது ஃபேனுக்கு அடியில் எவர்சில்வர் அண்டா வைத்திருந்தார். ஃபேன் மோட்டாரும் ஒரு சுவர் பெயின்ட்டும் என் செலவு. அக்கா இன்றைக்கும் பேசுகிறார், அது அவருடைய நல்ல குணம்.

அதனால் உங்கள் கணக்கை இப்போதே போடுங்கள். 4 அடித் தொட்டி 120க்கு 60, பரப்பு 7200. ஃப்ராக் தொட்டி 90க்கு 60, பரப்பு 5400. இரண்டும் சேர்த்து 12,600 சதுர செ.மீ. ஒவ்வொரு செ.மீ. இறக்கத்துக்கும் 12.6 லிட்டர் கீழே வரும். ஓவர்ஃப்ளோ பல்லிலிருந்தும் (தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும் விளிம்பு) ரிட்டர்ன் வாயிலிருந்தும் சேர்த்து 3 செ.மீ. இறங்குவதாக வைத்தால் 38 லிட்டர், குழாய்களில் நிற்பது ஒரு 5. சம்ப் 120க்கு 45 என்றால் 43 லிட்டர் அதன் மட்டத்தை 8 செ.மீ. உயர்த்தும். நான் 12 செ.மீ. காலி விடுவேன். ரிட்டர்ன் வாயை ஆழமாக வைக்காதீர்கள், மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே போதும். துளை அடைத்தாலும் மேலே சொன்ன கணக்குக்குள்ளேயே நிற்கும். செக் வால்வ் போட்டால் போதாதா என்று பிளம்பர் கேட்பார். கடல் தண்ணீரில் அதன் நாக்கில் ஒரு நத்தை உட்கார்ந்தால் மூடாது. போடுவதானால் போடுங்கள், கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

இறங்கு குழாய் ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாகச் சம்ப் வரை போக வேண்டும். இரண்டு தொட்டியின் டிரெயினையும் ஒரு டீ போட்டு இணைப்பதுதான் நான் பார்த்த வீடுகளில் அதிகம் நடந்த தவறு. ஒன்று உறிஞ்சும்போது மற்றது காற்று வாங்கும், இரவெல்லாம் கொடகொட சத்தம், ஒருநாள் ஒரு தொட்டி வழியும். பெரிய தொட்டிக்கு மூன்று துளை: கேட் வால்வால் அடக்கி முழுச் சைஃபனாக ஓடும் குழாய் ஒன்று, சன்னமாக ஓடும் திறந்த குழாய் ஒன்று, எல்லாம் அடைத்தால் காப்பாற்ற மேலே ஒரு வறண்ட குழாய். ஃப்ராக் தொட்டிக்கு இரண்டு போதும். துளை போடும் பக்கம் டஃபண்ட் கண்ணாடியாக இருக்கக் கூடாது, டிரில் பட்டதும் மணலாய் உதிரும். தொட்டி செய்பவரிடம் இதைச் சொல்லிவிட்டே ஆர்டர் கொடுங்கள். இன்னொன்று, உங்கள் ஏரியா பிளம்பர் பழக்கதோஷத்தில் பித்தளை நிப்பிளோ பித்தளை வால்வோ எங்காவது மாட்டிவிடுவார். பித்தளையில் தாமிரம் இருக்கிறது. வேலை முடிந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் நீங்களே பாருங்கள். எல்லாம் யு.பி.வி.சி., ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னால் ஒரு பால் வால்வும் யூனியனும் (கழற்றி மாட்டும் இணைப்பு). எந்த நாளும் எந்தத் தொட்டியையும் கூட்டத்திலிருந்து கழற்றி, அதன் சொந்த வேவ்மேக்கரில் (தொட்டிக்குள்ளேயே தண்ணீரை அலைக்கும் சின்னப் பம்ப்) ஒரு வாரம் ஓட்ட முடிய வேண்டும்.

எடை. 432 லிட்டர் தொட்டியில் கிட்டத்தட்ட 400 கிலோ தண்ணீர். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ, உங்கள் தொட்டிக்கு 2.88 சதுர மீட்டர் ஆகும், 86 கிலோ. பாறை, மணல், ஸ்டாண்ட், அடியில் சம்ப் எல்லாம் சேர்த்தால் 700 கிலோவைத் தாண்டும், ஃப்ராக் தொட்டியோடு ஒரு டன் பக்கம். வீடுகளின் தளத்துக்கு இந்தியத் தரக் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது 200 கிலோ சொச்சம். இது மொத்த அறைக்கான கணக்கு, ஒரு மூலையில் அதைவிட அதிகம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். பீம் எங்கே ஓடுகிறது, ஸ்லாப் எத்தனை அங்குலம் என்று பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். “எங்க வீட்டில் வைத்திருக்கிறேனே, ஒன்றும் ஆகவில்லை” என்று யார் சொன்னாலும் அது உங்கள் ஸ்லாப்புக்குப் பதில் இல்லை. ஸ்டாண்டுக்கு இரும்புச் சதுரக் குழாய் அழகாக இருக்கும், உப்பில் மூன்றே வருஷத்தில் செதில் செதிலாக வரும். நான் ஹாலோ பிளாக் அடுக்கி மேலே கடப்பா கல் போட்டிருக்கிறேன். மேஸ்திரியின் ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்து, தெர்மகோல் விரித்து, அதன்மேல் தொட்டி.

சூடு என் தொழில், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். சென்னையில் ஹீட்டர் வேண்டாம். மே மாதம் மூடிய ஹால் 34 டிகிரியில் கிடக்கும், பவளத்துக்கு 26. மன்னார் வளைகுடாவிலேயே 2010, 2016 கோடைகளில் தண்ணீர் சூடேறிப் பவளம் வெளுத்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்ன செய்யும்? மேலே ஃபேன் வைத்தால் ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துப் போகும். ஒரு நாளைக்கு 10 லிட்டர் ஆவியானால் சராசரி 280 வாட் குளிர்ச்சி, சும்மா இல்லை. ஆனால் காற்றில் ஈரம் அதிகமான சென்னை இரவில் அந்த ஆவியே எழாது. என் தொட்டியில் வறண்ட மதியம் 3 டிகிரி இறக்கும் ஃபேன், புழுக்க ராத்திரியில் 1 டிகிரிக்கே திணறுகிறது. ஆகவே சில்லர் தேவை. இரண்டு தொட்டியையும் ஒரே தண்ணீரில் இணைக்க நம் ஊரில் இதைவிடப் பெரிய காரணம் இல்லை: ஒரே சில்லர் போதும். அதை ஹாலிலோ ஸ்டாண்டுக்குள்ளோ வைக்காதீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டையும், தான் தின்ற கரண்ட்டின் சூட்டையும் சேர்த்து அதே ஹாலில் ஊதும், பிறகு ஏ.சி. அதை வெளியேற்ற வேண்டும். பால்கனியில் நிழலில் வைத்து, குழாய்க்கு ஏ.சி.க்குச் சுற்றும் கருப்பு ரப்பர் ஸ்லீவ் போடுங்கள். உள்ளே இருக்கும் காயில் டைட்டானியமா என்று கேளுங்கள். என் தொழில்காரர்களே சிலர் பழைய ஏ.சி. கம்ப்ரசரோடு காப்பர் காயிலைச் சம்ப்பில் இறக்கிக் கால் விலைக்குச் சில்லர் செய்து தருவதாகச் சொல்வார்கள். சில்லர் நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் நத்தையும் இறாலும் மிஞ்சாது.

மின்கட்டணம்: சில்லர் கோடையில் தினம் 4 யூனிட், லைட் 2, பம்புகள் 2, ஸ்கிம்மர் அரை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இந்தத் தொட்டிகளுக்கு மட்டும். வீட்டுச் செலவோடு சேர்ந்தால் மேல் கட்டண ஸ்லாப்புக்குப் போய்விடுவீர்கள். முதல் பில் வரும் முன்னரே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். குடிக்கச் சுவையாக இருக்க அதில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒன்று வைத்து, ஆர்.ஓ. வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கிறார்கள். கன்ட்ரோலரை மூடி, பின்னால் டி.ஐ. கார்ட்ரிட்ஜ் (மீதி உப்பையும் பிடித்துக்கொள்வது) போட்டு மீட்டரில் 0 காட்ட வேண்டும். உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), முதல் நிரப்புக்கு 22 கிலோவுக்கு மேல் உப்பு ஆகும். ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும், ஆகவே தினசரி ஈடுகட்டுவதும் நல்ல தண்ணீர்தான். இதை மறந்து உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றித் தொட்டியை ஊறுகாய் ஆக்கியவர்களை எனக்குத் தெரியும்.

இனி வர்தா புயல். 2016 டிசம்பர் 12. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. என்னிடம் இன்வெர்ட்டர் இருந்தது என்ற தைரியத்தில் ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர், வீட்டு ஃபேன் எல்லாம் அதிலேயே ஓடின. விடிவதற்குள் பேட்டரி காலி. மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடின. மறுநாள் மதியம் வரை மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினேன். பெரிய தொட்டியில் பெரிய மீன்கள் முதலில் போயின. ஃபில்டர் நின்றால் மீன் ஒரு ராத்திரியில் சாகாது, ஆக்சிஜன் தீர்ந்துதான் சாகும். ஃப்ராக் தொட்டி பிழைத்தது. ஒரு அடி ஆழம்தான், மேற்பரப்பு அகலம், உள்ளே மீனே இல்லை. பம்ப் நின்ற நிமிடமே அது பெரிய தொட்டியிலிருந்து தானாகவே பிரிந்தும் விட்டது, அங்கே அழுகியது இங்கே வரவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தத் துண்டுகளைக் கொண்டுதான் பெரிய தொட்டியை மறுபடி நட்டேன். உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்த ஃப்ராக் தொட்டிதான், அதை மட்டும் பட்ஜெட் குறைகிறது என்று வெட்டிவிடாதீர்கள். வேவ்மேக்கர்களுக்கு மட்டும் தனி இன்வெர்ட்டர் லைன் கொடுங்கள். 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் நம்பிப் பயன்படுத்தக் கூடியது ஒரு 1000 வாட்-மணி. 20 வாட் வேவ்மேக்கர் மட்டும் என்றால் இரண்டு நாள் தாண்டும். ஸ்விட்ச்போர்டு தொட்டிக்கு மேலேயோ பின்னாலேயோ வேண்டாம், பக்கச் சுவரில். மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

இதுவரை சொன்ன தாமிரம், ஆக்சிஜன், சைஃபன், சூடு எல்லாம் யார் வீட்டிலும் ஒரே மாதிரி நடப்பவை. ஆளுக்கு ஆள் மாறுவதும் இருக்கிறது. சம்ப்பில் ஒரு பகுதியைப் பாசி வளர்க்க ஒதுக்கும் ரெஃப்யூஜியம் எனக்கு உதவியது, இரவில் அதற்கு லைட் போட்டால் பி.எச். இறங்குவது குறைந்தது. அதே அளவில் இன்னொரு வீட்டில் பாசி வளரவேயில்லை. லெதர் பவளம் தண்ணீரில் விடும் ரசாயனம் அடுத்த தொட்டியில் இருக்கும் பவளத்தைச் சுருங்க வைக்குமா? சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன், ரசாயனத்தை உறிஞ்சும் கார்பன் (கரித்தூள்) போட்டதும் விரிந்ததையும் பார்த்திருக்கிறேன். காரணம் அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆல்கலினிட்டி (தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் அளவு) 8-ஆ 9-ஆ என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. எதுவானாலும் தினம் ஒரே எண்ணாக இருந்தால் போதும்.

நீங்கள் கேட்ட பம்ப்: மொத்தத் தண்ணீர் 620 லிட்டர் பக்கம் நிற்கும், மணிக்கு அதைப் போல் 4 மடங்கு சம்ப் வழி ஓடினால் நிறைவு, அதாவது 2500 லிட்டர். அது தொட்டி உயரத்தில் கிடைக்க வேண்டிய அளவு. பெட்டியில் அச்சிட்டிருப்பது உயரமே இல்லாத கணக்கு, ஆகவே கூடவே வரும் வரைபடத்தில் உங்கள் உயரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பெரிய பம்புக்குப் பதில் இரண்டு நடுத்தர டி.சி. பம்ப், தனித்தனிக் குழாயில். ஒன்று செத்தால் மற்றது ஓடும். லைட்டுக்கு மென்பவளம் மட்டும் என்றால் விலையுயர்ந்தது எதுவும் வேண்டாம், பாதிச் சக்தியில் தொடங்கி இரண்டு மாதத்தில் மெல்ல ஏற்றுங்கள்.

உப்பு வாங்கும் முன் வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் ஓட விடுங்கள். பம்ப் ஓடும்போது சம்ப் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. பிறகு மெயினை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து எங்கே நிற்கிறது என்று பார்த்து இரண்டாவது கோடு. ரிட்டர்ன் துளையை விரலால் மூடிக்கொண்டு இன்னொரு முறை அணைத்து மூன்றாவது கோடு. அந்த மூன்றாவது கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை காலியாக இருந்தால் உப்பு வாங்கப் போகலாம். இல்லை என்றால் கோடுகளைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், எந்தக் குழாயை வெட்டலாம் என்று பார்ப்போம்.